பயன்படாத ஸ்டைல்கள்: நீக்குவதா, விட்டுவைப்பதா?

பத்துப் பன்னிரண்டு பேர் எழுதிய கட்டுரைகளை ஒரே வேர்டு கோப்பில் கோத்துத் தொகுப்பு நூலாக்கும் வேலையில், ஸ்டைல் பட்டியலைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டிய கட்டம் ஒன்று வரும். நூலுக்குத் தேவை தலைப்பு, உட்தலைப்பு, உடற்பத்தி, மேற்கோள், அடிக்குறிப்பு, படவிளக்கம் என ஏழெட்டு ஸ்டைல்கள். பட்டியலிலோ பக்கம் பக்கமாகப் பெயர்கள் நீளும். யாரோ ஒருவர் அலுவலகத்தில் உருவாக்கிய ஸ்டைல், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியபோது வந்த ஸ்டைல், 'சார் சார் சார்' (Char Char Char) என்று வால் நீண்ட ஸ்டைல் எல்லாம் அதில் இருக்கும். பார்த்ததும் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பயன்படாததையெல்லாம் தூக்கிவிடு. ஒரே சொடுக்கில் தூக்கித் தரும் மேக்ரோக்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இந்த யோசனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. கோப்பு இளைக்கும், வேகமாகத் திறக்கும் என்பது ஒன்று. வேலை செய்பவருக்குப் பட்டியல் தெளிவாக இருக்கும் என்பது இரண்டு. பக்க வடிவமைப்புக்கு அனுப்பும்போது குப்பை கூடவே போகாது என்பது மூன்று. பழைய கோப்புகளின் தடயம் அழியும் என்பது நான்கு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று பார்ப்பதற்கு முன், இந்தக் கூட்டம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது தெரிய வேண்டும். வழியை அடைக்காமல் நீக்கினால் அடுத்த கட்டுரையை ஒட்டும்போதே எல்லாம் திரும்பி வந்துவிடும்.

சேரும் விதம்

மைக்ரோசாஃப்ட் வேர்டு 1983-இல் டாஸ் கணினிகளுக்கு வந்தபோதே ஸ்டைல் ஏற்பாடு அதில் இருந்தது. அன்று ஸ்டைல்கள் தனிக் கோப்பில் இருந்தன. ஒரே ஸ்டைல் கோப்பைப் பல ஆவணங்கள் பகிர்ந்துகொள்ள முடிந்தது. அந்த அமைப்பில் பயன்படாத ஸ்டைல் ஒரு பிரச்சினையே இல்லை. பொதுப் பட்டியலில் முப்பது ஸ்டைல் இருந்து ஒரு கடிதம் அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்ற இருபத்தேழைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். 1989-இல் வந்த விண்டோஸ் வேர்டில் நிலைமை மாறியது. டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்துக்கொண்ட ஸ்டைல்களை ஒவ்வொரு ஆவணமும் தனக்குள்ளேயே சுமக்கத் தொடங்கியது. எனவே ஆவணத்தின் ஒரு பகுதியை வெட்டி இன்னொன்றில் ஒட்டினால், உரையோடு அதன் ஸ்டைலும் வர வேண்டியதாயிற்று.

வரும்போது வேர்டு பின்பற்றும் விதி எளிமையானது. அதே பெயரில் ஒரு ஸ்டைல் ஏற்கெனவே இருந்தால், வழக்கமாகப் பெறும் கோப்பின் வரையறையே நிற்கும். பெயர் புதிது என்றால் ஸ்டைலும் புதிதாகப் பட்டியலில் ஏறும். ஒட்டிய பத்தியைப் பிறகு அழித்தாலும் ஸ்டைல் அழியாது. உரை போகும், ஸ்டைல் தங்கும். பயன்படாத ஸ்டைல்களில் பெரும்பகுதி இப்படித் தங்கிப்போனவைதான்.

'சார்' வால் வேறு கதை. வேர்டு 2002 முதல் பத்தி ஸ்டைலுக்கு இணையாக எழுத்து ஸ்டைல் ஒன்றையும் வேர்டு தானே பிணைத்துக்கொள்ளும். பத்தியில் நான்கு சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு பத்தி ஸ்டைலைக் கொடுத்தால், அந்த ஸ்டைலின் பெயரோடு 'சார்' என்ற வால் சேர்ந்து இந்த இணை பிறக்கும். 2002, 2003 பதிப்புகளில் பலமுறை கைமாறிய கோப்புகளில் இந்த வால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

பட்டியலில் தெரிவதெல்லாம் ஸ்டைலும் அல்ல. நேரடியாகக் கொடுத்த தடிப்பு, அளவு, உள்தள்ளல் ஆகியவற்றையும் ஸ்டைல் போலவே காட்டும்படி வேர்டில் ஓர் அமைப்பு உண்டு. 'நார்மல் + போல்டு, 14' என்பது போன்ற வரிகள் அப்படி வருபவை. அவற்றை நீக்க முயல்வது உரையிலேயே கைவைப்பதாகும். அந்த அமைப்பை அணைத்தாலே பட்டியல் பாதியாகச் சுருங்கும் கோப்புகள் உண்டு. துப்புரவுக்கு இறங்கும் பலர் இந்த முதல் படியையே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான்கு காரணங்களின் எடை

முதல் காரணம் நிற்காது. 2007-இல் வேர்டு ஏற்றுக்கொண்ட டாக்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் உரை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பிலும், ஸ்டைல் வரையறைகள் இன்னொரு எக்ஸ்எம்எல் கோப்பிலும் இருக்கும். ஒரு ஸ்டைலின் வரையறை பெரும்பாலும் சில நூறு பைட்டுகள். ஆயிரம் ஸ்டைல் சேர்ந்தாலும் அரை மெகாபைட் அளவில்தான் நிற்கும். ஒரே மாதிரிச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிப்பில் அது இன்னும் பல மடங்கு சுருங்கிவிடும். கைபேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பெரிது. கோப்பு கனக்கிறது என்றால் தேட வேண்டிய இடம் படங்கள்.

இந்த அச்சத்துக்கு நியாயமான இடம் எக்செல். எக்செல் 2003-இல் கட்டங்களின் வடிவக் கலவைகள் ஏறத்தாழ 4,000-ஐத் தாண்டினால் மேற்கொண்டு வடிவம் கொடுக்க விடாமல் பிழைச் செய்தி வரும். 2007-இல் அந்த வரம்பு 64,000 ஆக உயர்த்தப்பட்டது. தாள்களைக் கோப்புக்குக் கோப்பு நகலெடுத்தே வளர்ந்த கணக்குப் புத்தகங்களில் பயன்படாத ஸ்டைல்களைக் களைவது அங்கே உண்மையான மருந்து. அந்த மருந்தை வேர்டுக்கும் எழுதிக் கொடுப்பது நோய் அறியாத வைத்தியம்.

இரண்டாவது காரணம் உண்மையானது. 'மேற்கோள்', 'மேற்கோள்1', 'மேற்கோள் புதிது' என மூன்றும் பட்டியலில் இருந்தால் அவசரத்தில் எவரும் தவறானதைத் தொடுவார்கள். ஆனால் இது கண்ணுக்கு நேரும் தொல்லை. அதற்குக் கோப்பில் வெட்டு விழ வேண்டியதில்லை. வேர்டின் ஸ்டைல் நிர்வாகப் பெட்டியில் எந்த ஸ்டைலையும் மறைக்கலாம், பயன்படும்வரை மறைந்திருக்கச் செய்யலாம், வரிசை எண் கொடுத்து மேலே கொண்டுவரலாம். பரிந்துரைக்கப்பட்டவை மட்டும் தெரியட்டும் என்று ஸ்டைல் பலகையை அமைத்துவிட்டால் ஏழெட்டுப் பெயர்களே கண்ணில் படும். இன்னும் கண்டிப்பு வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஸ்டைல்களைத் தவிர வேறெதையும் யாரும் கொடுக்க முடியாதபடி ஆவணத்தைக் கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. மறைத்ததை நாளைக்கே மீட்கலாம். நீக்கியதை அப்படி மீட்க முடியாது. ஆகவே இந்தக் காரணம் நீக்குவதற்குப் போதாது, மறைப்பதற்குப் போதும்.

மூன்றாவது காரணத்துக்குத்தான் அதிக எடை. கையெழுத்துப் படி வேர்டிலேயே தங்குவதில்லை, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குப் போகிறது. அங்கே வேர்டு ஸ்டைல்கள் இன்டிசைன் ஸ்டைல் பட்டியலில் வந்து உட்காரும். ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால் யாருடைய வரையறையை ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டும். அதோடு நூறு அநாதைப் பெயர்களும் வந்தால் வடிவமைப்பாளருக்குத் தலைவலி. ஆனால் இந்தத் தலைவலியை இன்டிசைனைச் செய்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். வேர்டு கோப்பை உள்ளே எடுக்கும்போது வரும் விருப்பப் பெட்டியில், பயன்படாத ஸ்டைல்களையும் எடுத்துக்கொள்வதா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் குறியிடாமல் விட்டால் போதும். தப்பித் தவறி வந்துவிட்டாலும் ஸ்டைல் பலகையின் பட்டியில் பயன்படாதவை அனைத்தையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுக்கும் கட்டளை உண்டு. பயனில் உள்ள ஸ்டைலை நீக்கப்போனால், அதன் இடத்தில் எதை வைப்பது என்று இன்டிசைன் கேட்டுவிட்டே நீக்கும். வேர்டில் தடுமாறிச் செய்யும் வேலையை அங்கே பத்திரமாகச் செய்யலாம். கோப்பு இன்னொரு பதிப்பகத்துக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ வேர்டாகவே போகிறதென்றால் மட்டுமே இந்தக் காரணம் முழு எடையோடு நிற்கிறது.

நான்காவது காரணத்தைப் பலர் நினைப்பதில்லை. ஸ்டைல் பெயர்களும் பேசும். ஒரு நிறுவனத்துக்காகச் செய்த அறிக்கையின் ஸ்டைல்களில் அந்த நிறுவனத்தின் பெயரே முன்னொட்டாக இருப்பது சாதாரணம். அதே கோப்பைப் பிரதியெடுத்து அடுத்த வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுதினால், முந்தையவர் யார் என்று ஸ்டைல் பட்டியல் சொல்லிவிடும். ஆசிரியர் பெயர், கருத்துரைகள், திருத்தத் தடங்கள் ஆகியவற்றைத் தேடி நீக்க வேர்டில் ஓர் ஆய்வுக் கருவி இருக்கிறது. ஸ்டைல் பெயர்கள் அதன் தேடல் பட்டியலில் இல்லை. வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் இந்தக் காரணத்துக்காக மட்டும் நீக்கினாலும் அது நியாயமே. தொகுப்பு நூலுக்கு இது அவ்வளவு பொருட்டல்ல.

ஆக, நான்கில் ஒன்று தள்ளுபடி. ஒன்றுக்கு மறைத்தல் போதும். மற்ற இரண்டும் கோப்பு கைமாறும் நேரத்தில் மட்டும் செல்லுபடியாகும்.

'பயன்படாதது' என்று யார் சொல்வது?

இனி எதிர்த்தரப்பு. நீக்குவதால் ஆதாயம் குறைவு என்பதோடு விஷயம் முடியவில்லை. எது பயன்படாதது என்பதை வேர்டு நம்பகமாகச் சொல்வதில்லை. இந்த யோசனையின் பெரிய ஓட்டை அதுதான்.

பலகையில் 'பயனில் உள்ளவை' என்று வடிகட்டினால் வருவது, இப்போது உரையில் இருக்கும் ஸ்டைல்கள் மட்டுமல்ல. ஒரு காலத்தில் தொட்டுவிட்டுக் கைவிட்டவையும் அதில் வரும். மேக்ரோ எழுதுபவர்கள் நம்பும் 'இன்யூஸ்' என்ற பண்பும் அப்படியே. புதிதாக உருவாக்கிய எந்த ஸ்டைலுக்கும், ஒரு பத்தியில்கூட அது இல்லாவிட்டாலும், 'ஆம்' என்றே அது பதில் சொல்லும். எனவே அந்தப் பண்பை வைத்து எழுதிய மேக்ரோ, நீக்க வேண்டியதைத் தொடவே தொடாது.

இதை உணர்ந்தவர்கள் ஒவ்வொரு ஸ்டைலையும் உரையில் தேடிப் பார்க்கும் மேக்ரோ எழுதுகிறார்கள். ஆபத்து இங்கேதான் கூடுகிறது. வேர்டு ஆவணம் ஒரே ஓட்டமான உரை அல்ல. அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு, பக்க அடி, உரைப்பெட்டி, கருத்துரை ஒவ்வொன்றும் தனி ஓட்டமாகச் சேமிக்கப்படுகிறது. முதன்மை உரையில் மட்டும் தேடும் மேக்ரோவுக்கு அடிக்குறிப்பில் வாழும் ஸ்டைல் தெரியாது. பயன்படாதது என்று தீர்த்துவிடும். அட்டவணை ஸ்டைல்கள் உரைத் தேடலில் சிக்குவதே இல்லை. அவற்றை அட்டவணை அட்டவணையாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லா மூலையிலும் தேடும் நல்ல மேக்ரோவும் தவறக்கூடிய இடங்கள் இன்னும் மூன்று. ஒன்று, தாய் ஸ்டைல். 'உடற்பொது' என்று ஒரு ஸ்டைலை வைத்து எழுத்துரு, வரி இடைவெளி, சீரமைப்பு எல்லாவற்றையும் அதில் வரையறுத்து, முதற்பத்தி, தொடர்பத்தி, மேற்கோள் ஆகியவற்றை அதிலிருந்து பிறப்பிப்பது தேர்ந்தவர்களின் வழக்கம். 'உடற்பொது' ஒரு பத்தியிலும் நேராக இருக்காது. ஆனால் நூலின் தோற்றமே அதன்மேல்தான் நிற்கிறது. தேடி நீக்கும் மேக்ரோ முதலில் வெட்டுவது அதையே. இரண்டு, புலங்கள். பக்கத் தலைப்பில் அத்தியாயப் பெயரைத் தானாகக் காட்டும் ஸ்டைல்ரெஃப் புலமும், பொருளடக்கப் புலமும் ஸ்டைலைப் பெயர்சொல்லியே அழைக்கின்றன. அந்த அத்தியாயத் தலைப்பு இன்னும் தட்டச்சாகி வராத நிலையில் ஸ்டைலை நீக்கினால், பக்கத் தலைப்பில் அத்தியாயப் பெயருக்குப் பதில் பிழைச் செய்தி வந்து நிற்கும். மூன்று, எண்ணிடல். பல அடுக்கு எண்ணிடலில் ஒவ்வோர் அடுக்கும் ஒரு தலைப்பு ஸ்டைலோடு கட்டப்பட்டிருக்கும். நான்காம் அடுக்கு இந்த நூலில் இதுவரை வரவில்லை என்பதால் அதன் ஸ்டைலை நீக்கினால், அந்த அடுக்கு தேவைப்படும் நாளில் எண்ணிடல் அங்கே அறுந்து கிடக்கும்.

இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் டெம்ப்ளேட்டில் போய் முட்டும். டெம்ப்ளேட்டில் உரையே இல்லை. அதன் ஸ்டைல்கள் அத்தனையும் பயன்படாதவை. அவற்றுக்காகத்தான் அந்தக் கோப்பே இருக்கிறது. இப்போது பயனில் இல்லாததும் இனித் தேவைப்படாததும் வேறு வேறு. முதலாவதை மட்டுமே மென்பொருளால் எண்ண முடியும். இரண்டாவதை எழுதுபவரோ தொகுப்பவரோதான் சொல்ல முடியும்.

கருவிகளின் தரம்

வேர்டின் உள்ளமைந்த ஸ்டைல்களான நார்மல், ஹெடிங் போன்றவற்றை நீக்கவே முடியாது. நாமே உருவாக்கியவற்றையும் ஒட்டலில் வந்தவற்றையும் மட்டுமே நீக்கலாம். பலகையில் ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆர்கனைசர் பெட்டியில் பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். நீக்கவா என்று வேர்டு கேட்கும். ஆனால் அந்த ஸ்டைல் எங்கேனும் பயனில் இருக்கிறதா என்று சொல்லாது. 'ஆம்' என்றதும் அந்த ஸ்டைல் இருந்த பத்திகள் சத்தமில்லாமல் உருமாறும். முந்நூறு பக்கக் கோப்பில் எந்தப் பக்கத்தில் அது நடந்தது என்பது மெய்ப்புப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

லிப்ரெ ஆபிஸ் ரைட்டர் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. பயனில் உள்ள ஸ்டைலை நீக்க முயன்றால், இது பயனில் இருக்கிறது, தொடர்ந்தால் உரை தாய் ஸ்டைலுக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும். ஸ்டைல்களைத் தாய், பிள்ளை என்ற அடுக்காகக் காட்டும் காட்சியும் அதில் உண்டு. எதன்மேல் எது நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். 2023-இல் வந்த 7.6 பதிப்பு, எந்தப் பத்தியில் எந்த ஸ்டைல் இருக்கிறது என்பதை வண்ணக் குறியோடு பக்கத்திலேயே காட்டுகிறது. நீக்கும் முடிவை எடுக்க ஒருவருக்குத் தேவையான தகவல் இவைதான். வேர்டு அவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் சிதறவிட்டிருக்கிறது.

அசல் அழுக்கு

பயன்படாத ஸ்டைல்கள் யாருக்கும் தீங்கு செய்யாமல் கிடக்கின்றன. தீங்கு செய்பவை பயனில் இருக்கும் ஸ்டைல்கள். ஒரு கட்டுரையில் உட்தலைப்பு 'ஹெடிங் 2', அடுத்ததில் 'ஸ்டைல்1', மூன்றாவதில் நார்மல் பத்திக்குக் கையால் கொடுத்த தடிப்பு. மூன்றும் பார்வைக்கு ஒன்று. பொருளடக்கம் எடுத்தால் முதலாவது மட்டுமே வரும். பயன்படாதவற்றைத் துடைக்கும் எந்த மேக்ரோவுக்கும் இந்த மூன்றும் உத்தமப் பிள்ளைகள்.

தமிழ்க் கோப்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரை கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகிறது. அதை யூனிகோடுக்கு மாற்றினால் உரை மாறும், ஸ்டைல் மாறாது. யூனிகோடு தமிழை வேர்டு சிக்கல் எழுத்துமுறை என்ற வகையில் வைத்து, அதற்கென ஸ்டைலில் தனியாகக் குறித்திருக்கும் எழுத்துருவையும் அளவையும் எடுத்துக்கொள்ளும். எனவே வரையறையில் பாமினி 14 என்று இருந்தும் தமிழ் உரை வேறோர் எழுத்துருவில், வேறோர் அளவில் தெரியும். அந்தப் பத்தியில் ஓர் ஆங்கிலப் பெயரைத் தட்டினால் பாமினி விழித்துக்கொண்டு அதைப் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாகக் காட்டும். இந்த ஸ்டைல் முழுப் பயனில் இருக்கிறது. துப்புரவு மேக்ரோ இதற்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போய்விடும்.

தீர்ப்பு

பயன்படாத ஸ்டைல்களை நீக்குவது தவறான வேலை அல்ல. தவறான முதல் வேலை. அதை முதலில் செய்தால் பட்டியல் சுருங்கியதைப் பார்த்துக் கோப்பே சீராகிவிட்டது என்ற நினைப்பு வரும். உள்ளே உட்தலைப்பு மூன்று விதமாகவே இருக்கும்.

சரியான வரிசை இது. வழியை முதலில் அடைக்க வேண்டும்: வெளியிலிருந்து வரும் உரையை வெறும் உரையாகவோ, பெறும் கோப்பின் வடிவத்தோடு இணைத்தோ ஒட்ட வேண்டும். வெறும் உரையாக ஒட்டினால் சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் இழக்கப்படும் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இரண்டாவது வழியே நல்லது. ஆவணத்தைத் திறக்கும்போதெல்லாம் டெம்ப்ளேட்டிலிருந்து ஸ்டைல்களைப் புதுப்பிக்கும் அமைப்பு இயங்கினால் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீக்கியது மறுபடி முளைக்கும். அடுத்து, பயனில் உள்ள இரட்டைகளை ஒன்றாக்க வேண்டும்: ஒரு ஸ்டைலின் பத்திகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து உரிய ஸ்டைலைக் கொடுத்துவிடலாம். நூலுக்கு உழைப்பின் பலன் கிடைப்பது இந்தப் படியில்தான். எழுத்தும் திருத்தமும் நடக்கும் காலம் முழுவதும் மற்றவற்றை மறைத்து வைத்தாலே போதும்.

நீக்குவது கடைசி. உரை முடிந்து, கோப்பு வேர்டாகவே வேறொருவர் கைக்குப் போகும்போது, மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு நகலில் மட்டும் செய்ய வேண்டும். பிற ஸ்டைல்களுக்குத் தாயாக இருப்பவை, புலங்களிலும் எண்ணிடலிலும் பெயர் குறிக்கப்பட்டவை, அட்டவணை ஸ்டைல்கள் ஆகிய மூன்று வகையையும் தொடக்கூடாது. இன்டிசைனுக்குப் போகும் கோப்பில் இந்தக் கடைசிப் படி தேவையே இல்லை. அங்கே அந்த ஒரு கட்டத்தைக் குறியிடாமல் விட்டால் வேலை முடிந்தது. டெம்ப்ளேட்டில் ஒருபோதும் வேண்டாம்.

முழுக் கோப்பையும் ஒரே சொடுக்கில் சுத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லும் மேக்ரோ கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஓட்டுங்கள். அடிக்குறிப்பிலும் உரைப்பெட்டியிலும் இது தேடுகிறதா? தாய் ஸ்டைலை விட்டுவைக்கிறதா? நீக்கியவற்றின் பட்டியலைத் தருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நகலில் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், நீளமான ஸ்டைல் பட்டியலோடு நூலை அச்சுக்கு அனுப்புவதே மேல். ஸ்டைல் பட்டியலை எந்த வாசகரும் பார்ப்பதில்லை. உருமாறிப்போன மேற்கோள் பத்தியை எல்லோரும் பார்ப்பார்கள்.